மூக்கில் அறுபத்திரண்டு

வெங்காய மண்டியிலிருந்து
நான்கு தராசு இரவல் வாங்கி வந்தான் துளசிராம்.
ஞாயிறு மாலைக்குள் திரும்பி வரணும்,
திங்கள் விடியலில் லாரி வருது என்று
மண்டிக்காரர் நான்கு முறை சொன்னாராம்,
தராசுக்கு ஒரு முறை.

கப்பலூர் ஷெட் தரையில் ரசமட்டம் வைத்து
அட்டை கொடுத்து, தகடு கொடுத்து
நான்கும் ஒரே மட்டத்துக்கு வரப்
பத்து மணி ஆகிவிட்டது.
சக்கரத்துக்கு ஒன்றாக
ஏற்றினோம் அந்தச் சிவப்பு வண்டியை.

பார்க்க அழகுதான்.
அறுபது வருஷத்துக்கு முன்னால்
எந்த நாட்டிலோ பந்தயத்தில் ஓடிய ஒன்றின் நகல்.
கண்ணாடி இழை உடம்பு அவன் சித்தப்பா மகன் வார்த்தது.
குழாய்ச் சட்டம் என் வெல்டிங்.
இன்ஜின் மட்டும் அவன் பிடிவாதம்:
பழைய கான்டசாவின் டீசல்,
வார்ப்பிரும்பு, இருநூற்றுப் பத்துக் கிலோ.
"சத்தம் வேணும் அமலாக்கா.
மஹால் ஏழாவது தெருவுல நுழைஞ்சா
விளக்குத்தூண் வரைக்கும் கேக்கணும்."

கேட்டது.
போன வாரம் சிறுமலையில்
ஆறாவது கொண்டை ஊசி வளைவில்
ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தான்.
முன்சக்கரம் இரண்டும் திரும்பியதை
எட்டிப் பார்த்தேன்.
வண்டி திரும்பவில்லை.
டயர் கதறிக்கொண்டே தாரைத் தேய்க்க
மூக்கு தான் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த
வழியிலேயே போனது.
மலைவாழைத் தார் ஏற்றி எதிரே வந்த
குட்டியானை டிரைவர்
ஹார்ன் அடிக்க மறந்து பார்த்தார்.
தடுப்புச் சுவருக்கும் எங்களுக்கும்
ஒரு முழம்.
அவன்தான் இறங்கிப் போய் அளந்தான்.

இப்போது தராசு சொன்னது:
முன் இடது இருநூற்று அறுபத்திரண்டு.
முன் வலது இருநூற்று ஐம்பத்தைந்து.
பின்னால் நூற்று அறுபத்தொன்று,
நூற்று ஐம்பத்தெட்டு.
பேரிங் டப்பாவின் அட்டையில் கூட்டி வகுத்தேன்.
நூற்றுக்கு அறுபத்திரண்டு, மூக்கில்.

"பவரைக் கூட்டினா சரியாகுமாக்கா?"
"சுவத்துக்கு இன்னும் சீக்கிரமா போவ."

தராசைத் திருப்பிக் கொடுக்கும்போது
மண்டிக்காரர் சாவகாசமாகச் சொன்னார்:
"அதுல ஒண்ணு ரெண்டு கிலோ கூட்டிக் காட்டுமே, தெரியாதா?"
வீட்டுக்கு வந்து மறுபடி வகுத்தேன்.
அறுபத்திரண்டு அசையவில்லை.

மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு
ஏலத்தில் போன போலீஸ் ஜிப்ஸி ஒன்றின்
பெட்ரோல் இன்ஜினோடு வந்தான்.
அலுமினியம்.
பழையதை இறக்கச் செயின் பிளாக் முனகியது.
இதை மூங்கிலில் கட்டி
நானும் அவனும் தூக்கி வைத்தோம்.
ஒரு சாண் பின்னால் தள்ள
நடுத்தகட்டை வெட்டினேன்.
அந்தச் சாண் அவன் காலுக்குரிய இடம்.
இன்றும் இடது முழங்கால்
சூட்டில் வேகிறது என்கிறான்.
பேட்டரி சீட்டுக்குப் பின்னால் போனது.
பாரம் இறங்கிய மூக்கு
மூன்று விரல் நிமிர்ந்து நின்றது;
பழைய ஸ்பிரிங்குக்கு அழுத்த ஆள் இல்லை.
தெற்குவாசல் பழைய இரும்புக் கடையில்
மெலிந்த ஸ்பிரிங் தேட ஒரு மழைநாள் போனது.

முன்னே ஐம்பத்திரண்டு.

அதே ஆறாவது வளைவு.
நினைத்தவுடன் திரும்பியது.
அவன் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடவே.
பயந்துபோய் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட,
வால் எங்களை முந்திக்கொண்டு
பள்ளத்தாக்கைப் பார்க்கக் கிளம்பியது.
எப்படியோ பிடித்தான்.
காபிச் செடிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தி
ரொம்ப நேரம் சிரித்தான்,
கை நடுங்க.

பழைய இன்ஜின் இப்போது
செக்கானூரணி தாண்டி ஒரு கல் உடைக்கும் ஆலையில்,
சிமென்ட் மேடையில் நான்கு போல்ட்டோடு.
அங்கே திரும்பச் சொல்பவர் யாரும் இல்லை.
கனம் இருப்பதால் அதிர்வு குறைவு என்று
ஆலைக்காரருக்கு அதன்மேல் ஏகப் பிரியம்.

சனிக்கிழமைகளில் துளசிராம் அங்கே போவதாகக் கேள்வி.
சத்தமில்லாத சிவப்பு வண்டியை
வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு,
வெள்ளைப் புழுதியில்
கண்மூடி நிற்பானாம்,
டீ ஆறும்வரை.